மூங்கில் முதல் கரி இழை வரை: கணவாய்த் தூண்டிலின் கதை

என் வகுப்பில் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் இருக்கிறார். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரத்தில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால், நடுவில் முறிந்த ஒரு தூண்டில் கோல். கூடவே இறால் போன்ற வடிவமும் வாலில் ஊசிகளும் கொண்ட ஒரு பொய்யிரை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய சித்தப்பா ஆசையாக வாங்கி வந்து கொடுத்ததாம்.

"சார், இதில் 40 டன் என்று போட்டிருக்கிறது. ஒரு கிலோகூட இல்லாத கணவாயைத் தூக்கும்போது முறிந்துவிட்டதே! சித்தப்பாவை ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது. பதில் அவ்வளவு சிறியதன்று. அதைச் சொல்லப் புகுந்தால் ஜப்பானியச் செம்படவர்களின் தீப்பந்தத்தில் தொடங்கி, எடிசனின் மின்விளக்கு வழியாக, ஆகாய விமானம் வரை போய்வர வேண்டும். வாருங்கள், நாமும் ஒருமுறை போய்வருவோம்.

தீப்பந்தத்தைப் பிடித்த கணவாய்

ஜப்பானின் தெற்குப் பகுதியில் ககோஷிமா என்ற மாவட்டம் இருக்கிறது. பழைய நாளில் அதற்குச் சத்சுமா என்று பெயர். அதற்கும் தெற்கே அமாமித் தீவுகள். இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இரவில் தீப்பந்தத்துடன் மீன்பிடிக்கச் சென்றபோது எரிந்த கட்டை ஒன்று கடலில் விழுந்ததாம். பாதி கரிந்த அந்தக் கட்டையைக் கணவாய் ஒன்று ஓடிவந்து கட்டிப்பிடித்துக் கொண்டதாம். அதைக் கண்ட மீனவர்கள் மரத்தாலேயே இரை செய்யலாம் என்று கண்டுகொண்டார்களாம்.

கதை எப்படியிருந்தாலும், எடோ காலத்தில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் இடைப்பட்ட காலத்தில், இத்தகைய மரப் பொய்யிரைகள் அப்பகுதியில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றின் பெயர் 'எகி'. 'எ' என்றால் இரை. 'கி' என்றால் மரம். நம் மொழியில் 'இரைமரம்' என்று சொல்லிவிடலாம். காய்ச்சிய இரும்பால் மரத்தைச் சுட்டு, கரும்பட்டைகளும் புள்ளிகளும் இடுவது பழைய செய்முறை. தீப்பந்தக் கதைக்கும் இந்தச் சூட்டுக்கோலுக்கும் உள்ள உறவை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். சில இரைமரங்கள் மீனைப் போலவும், சில இறாலைப் போலவும் செதுக்கப்பட்டன. துணி போர்த்தி, பளபளக்கும் தாள் ஒட்டும் வழக்கம் பின்னாளில் வந்தது.

இந்தப் பொய்யிரைக்கு அகப்படும் முதன்மையான கணவாய், பெரிய துடுப்புடைய ஒருவகை ஊசிக்கணவாய். ஜப்பானியர் இதை 'அயோரி-இகா' என்பர். விலங்கியலார் வைத்த பெயர் செபியோட்டியூதிஸ் லெசோனியானா. 1822 முதல் 1825 வரை உலகைச் சுற்றிவந்த 'லா கொக்கீய்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் சென்ற இயற்கையாளர் லெசோன் என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. இது ஜப்பானுக்கு மட்டும் உரிய உயிரன்று. நமது பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. 'பாக் நீரிணைக் கணவாய்' என்ற பெயரில் இதன் வாழ்க்கையையும் மீன்பிடிப்பையும் ஆராய்ந்து வீரபத்திர ராவ் எழுதிய கட்டுரை 1954-இல் இந்திய மீன்வள ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அது வேறோர் இனப் பெயரால் குறிக்கப்பட்டது. பிற்பாடு இரண்டும் ஒன்றே என்று கொள்ளப்பட்டது. ஆகவே என் மாணவர் பிடித்ததும், சத்சுமாவின் பழைய மீனவர் பிடித்ததும் உறவினர்களே.

இரைமரத்தின் அமைப்பு

இப்போது பொய்யிரையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மூன்று செய்திகள் கண்ணில் படும்.

முதலாவது, ஈயம் முழுவதும் மூக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நீரில் விட்டதும் இது தட்டையாக விழாது; தலையைத் தாழ்த்தி, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், அமைதியாக இறங்கும். தூண்டிலைச் சட்டென்று சுண்டி இழுத்தால் இறால் துள்ளுவது போல மேலே பாயும். பிறகு மறுபடியும் மெல்ல இறங்கும். கணவாய் பெரும்பாலும் இந்த இறக்கத்தின்போதுதான் வந்து பற்றுகிறது. எனவே இரைமரத்தின் உயிரே அது இறங்கும் வேகத்தில் இருக்கிறது.

இரண்டாவது, வாலில் குடைக் கம்பிகள் போல மேல்நோக்கி வளைந்த ஊசிகள் இரண்டு அடுக்காக அமைந்துள்ளன. மீன் தூண்டில் முள்ளில் எதிர்ச்செதில் இருக்கும். இவற்றில் அது கிடையாது. மீன் இரையை விழுங்கும். கணவாயோ இரையைக் கைகளால் அணைக்கும். அதன் நீண்ட இரு பற்றுகைகளிலும் எட்டுக் கைகளிலும் உள்ள உறிஞ்சிகள் இரையைச் சுற்றிக்கொள்ளும்போது ஊசிகள் தசையில் கோத்துக்கொள்கின்றன. எதிர்ச்செதில் இல்லாததால், நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் கணவாய் கழன்றுவிடும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கோலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மூன்றாவது, உடலில் பொறித்த எண். ஜப்பானியர் இரைமரத்தின் அளவை எண்ணால் சொல்வார்கள். எண் 1 என்பது அவர்களது பழைய நீட்டலளவையான ஒரு 'சுன்'. ஏறக்குறைய 3 செ.மீ. ஆகவே எண் 2.5 என்றால் சுமார் 7.5 செ.மீ.; எண் 3.5 என்றால் சுமார் 10.5 செ.மீ. முன்னதன் எடை 10 கிராமை ஒட்டியும், பின்னதன் எடை 20 கிராமை ஒட்டியும் இருக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். 20 கிராம் எடையுள்ள ஓர் இரை, 18 கிராம் கடல்நீரை விலக்குகிறது என்று வைத்துக் கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, நீருக்குள் அதன் நிகர எடை 2 கிராம்தான். அதைக் கீழே இழுப்பது இந்த 2 கிராம். தடுப்பது நீரின் எதிர்ப்பு. எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்றாற்போல் வளர்கிறது. இரண்டும் சமமானதும் இரை மாறா வேகத்தில் இறங்கும். மூக்கில் ஒரே ஒரு கிராம் ஈயக்கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்? மொத்த எடை 20-இலிருந்து 21 ஆகிறது. 5 விழுக்காடு உயர்வுதான். ஆனால் நிகர எடை 2-இலிருந்து 3 ஆகிவிடுகிறது. வேகம் நிகர எடையின் இருமடி மூலத்துக்கு ஏற்ப மாறுவதால், அது 22 விழுக்காடு கூடிவிடும். மெல்லிய ஈயக்கம்பியைக் கையோடு வைத்திருக்கும் தேர்ந்த தூண்டில்காரர் இந்தக் கணக்கைப் போட்டறியாவிட்டாலும், அனுபவத்தால் இதையே செய்கிறார்.

எண் 3.5 உடைய சாதாரண இரை ஒரு மீட்டர் இறங்க 3 நொடி முதல் 3.5 நொடி வரை எடுத்துக்கொள்ளும். ஆழமற்ற இடத்துக்கென்று 5 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மெதுவான இரைகளும் உண்டு. நீரோட்டம் மிகுந்த ஆழமான இடத்துக்கு விரைந்து இறங்குபவையும் உண்டு. வாங்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன்பு இந்த வேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கல்கத்தா மூங்கில்

இனிக் கோலுக்கு வருவோம். மனிதனுக்கு இயற்கை அளித்த தூண்டில் கோல் மூங்கில். அது திண்மக் கம்பன்று, குழாய். இதில் ஓர் அருமையான பொறியியல் அடங்கியிருக்கிறது.

ஒரு திண்மக் கம்பியை எடுத்துக் கொள்ளுங்கள். அதே நிறையுள்ள அதே பொருளை, அதே நீளத்துக்கு, இருமடங்கு வெளிவிட்டம் கொண்ட குழாயாகச் செய்வதாக எண்ணுங்கள். குழாயின் விறைப்பு எத்தனை மடங்கு தெரியுமா? 7 மடங்கு! எடை கொஞ்சமும் கூடவில்லை. பொருளை நடுவிலிருந்து விலக்கி ஓரத்தில் வைத்ததால் வந்த ஆதாயம் இது. மூங்கிலுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் மூங்கிலைப் பிளந்து, பட்டைகளாகச் சீவி, பசையிட்டு ஒட்டிக் கோல் செய்தார்கள். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கித் தொழிலாளி, 1840-களில் இதில் முன்னோடி. அவர்கள் அக்காலத்தில் பயன்படுத்திய மூங்கிலின் பெயர் 'கல்கத்தா'. ஆம், நம் நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற மூங்கில்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் 'டோங்கின்' மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது.

சத்சுமாவில் அப்படி ஒட்டும் வேலை இல்லை. படகைத் துடுப்பிட்டு மெல்ல நகர்த்திக்கொண்டே, முழு மூங்கில் கோலின் நுனியில் கட்டிய இரைமரத்தை இழுத்துச் செல்வார்கள். படகின் ஓட்டம் பாதி வேலையைச் செய்துவிடும். கரையில் நின்று 20 கிராம் இரையைத் தொலைவில் எறிந்து, நுணுக்கமாகத் துள்ளவைக்கும் வித்தை மூங்கிலால் எளிதில் ஆகக்கூடியதன்று. ஏன்?

நமது ஆய்வகத்தில் மீட்டர் கோலின் ஒரு முனையை மேசையில் இறுக்கி, மறுமுனையில் எடை தொங்கவிட்டு, யங் குணகம் காணும் சோதனையைச் செய்திருப்பீர்கள். தொங்கும் நீளத்தை இருமடங்காக்கினால் தாழ்வு இரண்டு மடங்கா ஆகிறது? இல்லை, 8 மடங்கு! கரையிலிருந்து தொலைவில் எறிய நீளமான கோல் வேண்டும். நீளம் கூடினால் வளைவு மும்மடி விதிப்படி பெருகும். வளைவைக் குறைக்கத் தடிமனாக்கினால் எடை ஏறும். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை சுண்டவேண்டிய கை சோர்ந்துவிடும். ஆகவே தேவைப்பட்டது ஒரு புதிய பொருள்: எடை குறைவாகவும் யங் குணகம் மிகுதியாகவும் உள்ள பொருள்.

கண்ணாடியும் கரியும்

முதலில் வந்தது கண்ணாடி இழை. 1940-களில் ஆர்தர் ஹோவால்டு என்ற அமெரிக்க வேதியியலார், பிசினில் தோய்த்த கண்ணாடி இழையால் தூண்டில் கோல் செய்தார். அத்தகைய கோல்கள் அந்தப் பத்தாண்டின் முடிவிலேயே கடைக்கு வந்துவிட்டன. அவை மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சவில்லை, பூச்சி அரிக்கவில்லை, எளிதில் முறியவுமில்லை. ஆனால் சற்றுக் கனம். சுண்டினால் தொளதொளவென்று ஆடும்.

அடுத்து வந்தது கரி இழை. இதன் முன்னோரைத் தேடினால் மறுபடியும் மூங்கிலிடமே வந்து நிற்போம்! மின்விளக்குக்கு ஏற்ற இழையைத் தேடி உலகெங்கும் ஆளனுப்பிய எடிசன், ஜப்பானின் கியோட்டோவை அடுத்த யவாத்தா ஊர் மூங்கிலைக் கரியாக்கிப் பயன்படுத்தினார். 1880-இல் தொடங்கிய மூங்கில் கரியிழை விளக்குகள் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரிந்தன. பின்னர் உலோக இழை வந்ததும் கரியிழை மறக்கப்பட்டது.

அது மறுபிறவி எடுத்தது 1950-களின் இறுதியில். 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன், கிராபைட்டின் நுண்ணிழைகள் எவ்வளவு வலியவை என்று காட்டினார். ஏறக்குறைய அதே சமயத்தில், ஒசாகா நகரின் அரசினர் ஆய்வகத்தில் அகியோ ஷிண்டோ, பாலி அக்ரிலோ நைட்ரைல் என்ற செயற்கை இழையைக் கரியாக்கும் வழியைக் கண்டார். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தார் 1960-களில் அவ்வழியை மேலும் செம்மைப்படுத்தினர். 1971-இல் ஜப்பானின் டோரே நிறுவனம் கரி இழையை வணிக அளவில் செய்யத் தொடங்கியது.

இங்கே வரலாற்றின் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கரி இழை விமானத்துக்கென்று கனவு கண்டு செய்யப்பட்ட பொருள். ஆனால் ஒரு புதிய பொருளை நம்பி மனிதரை ஆகாயத்தில் ஏற்ற, பல ஆண்டுச் சோதனை தேவை. அதுவரை தொழிற்சாலை எப்படிப் பிழைக்கும்? கைகொடுத்தவர்கள் தூண்டில்காரரும் கோல்ஃப் ஆட்டக்காரரும்தான். 1972-இல் ஜப்பானில் ஆற்று மீனான 'அயு'வைப் பிடிக்கும் நெடுங்கோல்கள் கரி இழையில் வெளிவந்தன. எடையில் ஏறத்தாழப் பாதி கூட்டுப்பொருளாலான போயிங் 787 விமானம் பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2011-இல்தான். அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே அயு மீன் கரி இழையைக் கண்டுவிட்டது.

எஃகு, கண்ணாடி இழை, கரி இழை மூன்றையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல், ஒப்படர்த்தி 7.8. கண்ணாடி இழைக்கு 72, 2.55. சாதாரணக் கரி இழைக்கு 230, 1.8. குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். எஃகுக்கு 26, கண்ணாடி இழைக்கு 28, கரி இழைக்கு 128! ஒரே எடைக்கு விறைப்பு என்று பார்த்தால் கரி இழை எஃகைப்போல் 5 மடங்கு. கோல் எவ்வளவு விரைவாக அதிர்ந்து அடங்கும் என்பதும் இந்த ஈவின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. ஆகவேதான் கரி இழைக் கோல் 'விர்'ரென்று சுண்டி, உடனே நிற்கிறது. பிசினுடன் கலந்து கோலாகச் செய்யும்போது இந்த எண்கள் குறையும். ஆனால் வரிசை மாறாது.

40 டன் என்றால் என்ன?

இனி என் மாணவரின் கேள்விக்கு வரலாம். கோலின்மேல் அச்சிட்ட '40 டன்' என்பது அது தாங்கும் சுமையன்று. இழையின் யங் குணகத்தை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் விசை என்ற அலகில் சொல்வது ஜப்பானியத் தொழிலாளர் வழக்கம். 40 டன் என்பதை 9.8 ஆல் பெருக்கினால் 392 கிகாபாஸ்கல். 24 டன் என்பது 235 கிகாபாஸ்கல். ஆக, டன் கூடக்கூட விறைப்பு கூடுகிறது. வலிமை கூடுகிறதா? அங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

டோரேயின் 'டி300' என்ற இழையின் குணகம் 230. தன் நீளத்தில் 1.5 விழுக்காடு நீண்ட பிறகே அறும். அதே நிறுவனத்தின் 'எம்40' இழையின் குணகம் 392, ஆனால் 0.7 விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிடும். விறைப்புக்குக் கொடுத்த விலை நொறுங்கும் தன்மை! பின்னர் வந்த மேம்பட்ட இழைகளில் இக்குறை ஓரளவு தீர்ந்தது, முழுவதும் நீங்கவில்லை.

ஒரு குழாயை வளைக்கும்போது அதன் வெளிப்புறத்தில் ஏற்படும் திரிபு, குழாயின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். அரை செ.மீ. ஆரமுள்ள பகுதியைப் பார்ப்போம். 1.5 விழுக்காடு தாங்கும் இழையானால், 33 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரை வளைக்கலாம். 0.7 விழுக்காடுதான் தாங்கும் என்றால், 71 செ.மீ. ஆரத்துக்கு மேல் வளைத்தாலே முறிந்துவிடும்.

"தம்பி, கணவாயை எப்படித் தூக்கினாய்?" என்று கேட்டேன்.

"பாறைமேல் நின்றிருந்தேன் சார். கோலை நேராக நிமிர்த்தி, இடது கையால் நடுவில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினேன்" என்றார்.

புதிர் விடுபட்டது. கோலைக் கைப்பிடியில் பிடித்தால், அடிமுதல் நுனிவரை முழுக்கோலும் வளைவைப் பங்கிட்டுக் கொள்கிறது. நடுவில் கைவைத்தால் அடிப்பாதி ஒதுங்கிவிடும். முழு வளைவும் மேற்பாதியில் குவியும். செங்குத்தாக நிமிர்த்தியதால் வளைவு இன்னும் கூர்மையாயிற்று. முறிந்த இடம் அவர் கை பிடித்த இடத்துக்குச் சற்று மேலே! சித்தப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த எண்ணின் பொருளை யாரும் சொல்லவுமில்லை.

நரம்பும் சுண்டலும்

கோல் மட்டும் போதாது. கையின் சுண்டலை இரைக்குக் கொண்டுசெல்வது நரம்பு. கரோதர்ஸ் 1935-இல் கண்ட நைலான், தூண்டில் உலகையே மாற்றியது உண்மைதான். ஆனால் நைலான் நரம்பு அறுவதற்குள் 20, 30 விழுக்காடு நீளும். 40 மீட்டர் தொலைவில் இருக்கும் இரையைச் சுண்டினால், சுண்டலின் பெரும்பகுதியை நரம்பே விழுங்கிவிடும். 1990-களில் மிகுமூலக்கூற்று எடையுள்ள பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு புழக்கத்துக்கு வந்தது. இது 3, 4 விழுக்காடுதான் நீளும். கணவாய்க்குப் பயன்படுத்தும் நரம்பு 0.15 மி.மீ. தடிமன் இருந்தால் போதும்.

கரி இழைக் கோலும் பின்னல் நரம்பும் சேர்ந்த பிறகே, சத்சுமாவின் இரைமரம் கரையில் நிற்பவரின் கைக்குள் வந்தது. ஜப்பான் முழுவதும் பரவி, 2000-க்குப் பிறகு ஆஸ்திரேலியா, மத்தியதரைக் கடல் நாடுகள், சிங்கப்பூர் என்று உலகைச் சுற்றியது.

ஆனால் ஒரு சிக்கல். கணவாய் நீரைப் பீய்ச்சி, அந்த உந்துதலால் விட்டுவிட்டு ஓடும் உயிர். பீய்ச்சும்போது நரம்பு இறுகும், நிறுத்தும்போது தளரும். நீளாத நரம்பும் வளையாத கோலும் இருந்தால், இறுகும்போது மெல்லிய பற்றுகை அறும். தளரும்போது எதிர்ச்செதில் இல்லாத ஊசி கழலும். இரண்டுக்கும் மருந்து, வில்லைப்போல் இணங்கும் கோல் நுனி. இதனால்தான் நல்ல கணவாய்க் கோல் அடியில் விறைப்பும் நுனியில் இளக்கமும் கொண்டிருக்கிறது. 'அதிக டன், அதிக நன்மை' என்ற எண்ணம் இங்கே முற்றிலும் தவறு.

நிறம் யாருக்கு?

கடையில் இரைமரங்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று வளையல் கடை போல் தொங்கும். எந்த நிறம் நல்லது? கணவாயைக் கேட்டால் விழிக்கும்! பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே வகை ஒளிநிறமிதான் உண்டு. நிறம் பிரித்தறிய குறைந்தது இரண்டு வகை வேண்டும். ஜப்பானின் தொயாமா வளைகுடாவில் மின்னும் மின்மினிக் கணவாய் போன்ற ஒருசில விலக்குகள் தவிர, மற்றவற்றுக்கு நிறவேறுபாடு தெரிவதாகச் சான்று இல்லை. அதுமட்டுமா? கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டருக்குள்ளேயே பெரிதும் உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் சிவப்பு இரை கறுப்பாகத்தான் தோன்றும்.

அப்படியானால் நிறம் பயனற்றதா? இல்லை. நிறம் தெரியாவிட்டாலும் வெளிச்சம், கருமை வேறுபாடு கணவாய்க்கு மிக நன்றாகத் தெரியும். தவிரவும், நமக்கில்லாத ஒரு திறமை அதன் இனத்துக்கு உண்டு: தளவிளைவுற்ற ஒளியை உணர்வது. 1960-இல் பேய்க்கணவாயிடம் நடத்திய சோதனையில் இது தெளிவாயிற்று. ஆகவே 'இது சிவப்பா, பச்சையா' என்று கேளாதீர்கள். 'இன்றைய நீரில், இன்றைய வெளிச்சத்தில், இந்த இரை பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியுமா?' என்று கேளுங்கள். வெளிறிய ஒன்று, கருமையான ஒன்று, பளபளப்பான ஒன்று என மூன்று இருந்தால் போதும். மற்ற வண்ணங்கள் பெரும்பாலும் வாங்குபவரின் கண்ணைப் பிடிக்க விரித்த தூண்டில்!

தேர்ந்தெடுக்கும் முறை

இதுவரை கண்டதைத் தொகுப்போம். முதலில் இடம், ஆழம், பருவம் பார்த்து இரையின் எண்ணையும் இறங்கும் வேகத்தையும் முடிவுசெய்யுங்கள். ஜப்பானில் இலையுதிர் காலத்தில் புதிதாக வளர்ந்த சிறு கணவாய்களுக்கு 2.5, 3, இளவேனிலில் முட்டையிட வரும் பெரியவற்றுக்கு 3.5, 4 என்பது வழக்கம். பிறகே கோல். கரையிலிருந்து பிடிக்க 8 முதல் 8.5 அடி, படகிலிருந்து பிடிக்க 6, 7 அடி போதும். கோலில் குறித்துள்ள இரை எண்ணின் எல்லைக்குள் உங்கள் இரை அடங்க வேண்டும். தொடக்கநிலையினருக்கு 24 டன் வகையே உகந்தது. விலையும் குறைவு, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பிடிபட்டதைக் கோலால் தூக்காமல் கைவலையில் முகந்தெடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கரி மின்சாரத்தைக் கடத்தும். எடிசனின் விளக்கு எரிந்ததே அதனால்தான். மின்கம்பிகளுக்கு அருகிலோ, இடி மின்னல் வேளையிலோ கரி இழைக் கோலை உயர்த்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. மூங்கிலில் பழகிய கைகள் இதை மறந்துவிடக்கூடாது.

ஒரே கிளை, இரண்டு பயன்

கடைசியாக ஒன்று. இந்தக் கணவாயின் ஆயுள் ஓராண்டுதான். கடல்புற்களிலும் பாசிகளிலும் முட்டைக் கோவைகளை ஒட்டிவிட்டு மடிந்துவிடும். அந்த ஆண்டு முட்டையிடத் தவறினால் அடுத்த ஆண்டுக்கு மிச்சம் இல்லை.

ஜப்பானின் பல கரையோர ஊர்களில், பாசிக் காடுகள் அழிந்த இடங்களில் மரக்கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கல்லைப் பிணைத்துக் கடலடியில் வைக்கிறார்கள். கணவாய்கள் வந்து அவற்றில் முட்டையிடுகின்றன. நம் நாட்டின் மேற்குக் கரையில், கர்நாடகக் கடலில், தென்னம்பாளைகளை மூழ்கவைத்து, முட்டையிட வரும் ஓட்டுக் கணவாய்களைத் தூண்டிலிட்டுப் பிடித்ததுண்டு; அது மீனவர்களுக்கிடையே பூசலையும் விளைவித்தது. இரு கரையிலும் அறிவு ஒன்றேதான்: கணவாய் கிளையைத் தேடி வரும். அந்த அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் வேறுபாடு.

கோலும் இரையும் இவ்வளவு கூர்மையாகிவிட்ட பின்பு, எதைப் பிடிக்காமல் விடுவது என்று தெரிந்திருப்பதும் அந்தக் கலையில் ஒரு பங்காகிவிட்டது. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர் இதில் மீனவரைவிடக் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். மீனவருக்கு அது பிழைப்பு, இவருக்கு விளையாட்டு. பாறையில் சிக்கி அறுந்த இரைமரம் ஒவ்வொன்றும் ஈயத்தையும் ஊசிகளையும் கடலடியில் விட்டுச் செல்கிறது என்பதையும் மறக்கலாகாது.

என் மாணவர் முறிந்த கோலை வீணாக்கவில்லை. அடிப்பகுதியை ஆய்வக மேசையில் இறுக்கி, எடைகளைத் தொங்கவிட்டு, நாங்கள் இருவரும் அதன் யங் குணகத்தை அளந்தோம். இழையின் குணகத்தைவிட விடை வெகுவாகக் குறைந்திருந்தது, பிசின் கலந்ததல்லவா? நுனிப்பகுதியை என்ன செய்தார் தெரியுமா? தன் தாத்தாவின் பழைய மூங்கில் கோல் ஒன்றின் தலையில் பொருத்திவிட்டார். "நல்லா வேலை செய்யுது சார். ஆனா இப்போ நடுவில் பிடிக்கிறதில்லை" என்றார்.